இலங்கைக்குப் போன தலைக்கட்டு

இலத்தூரில் பிறந்த என் தாத்தா, இருந்த வீட்டை விட்டு நகராமலே மூன்று ஆட்சிகளைப் பார்த்தவர். பிறந்தபோது திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர். 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது திருநெல்வேலி ஜில்லாக்காரர். இன்னும் இருந்திருந்தால் 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்துக்காரரும் ஆகியிருப்பார்.

தென்காசியும் குற்றாலமும் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சீமை. அங்கிருந்து சில மைல் வந்தால் இலத்தூர், மகாராஜா சீமை. கொள்வினை கொடுப்பினையெல்லாம் இரண்டு பக்கமும் நடந்தது. ஆச்சி தென்காசியில் பிறந்தவள். கல்யாணமாகி மதுநாத சுவாமி கோவில் தெருவுக்கு வந்தபோது தான் வேறொரு ராஜ்யத்துக்கு வந்துவிட்டதாக அவள் நினைத்ததே இல்லை. ஆனால் காகிதத்தில் அந்த எல்லை இருந்தது. எங்கள் குடும்பத்திலிருந்து இலங்கைக்குப் போனவரின் வாரிசுகளைத் தேடத் தொடங்கியபோது முதலில் வழிமறித்தது அந்த எல்லைதான். அவர்கள் பக்கத்துக் காகிதங்களில் சொந்த ஊர் ‘திருவிதாங்கூர்’ என்று இருந்தது. இலங்கையின் மலைப் பகுதியிலிருந்து வந்து விசாரித்தவர்களும் திருவனந்தபுரம், கொல்லம் என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். செங்கோட்டைப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

எங்கள் பகுதியில் வம்சத்தை அறியப் பத்திர ஆபீசுக்குப் போவதற்கு முன் சாஸ்தா கோவிலுக்குப் போக வேண்டும். திருநெல்வேலிச் சீமை முழுவதும், திருவிதாங்கூரின் இந்தத் தமிழ் மூலையிலும், ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ, காட்டோரத்திலோ, மருத மரத்தடியிலோ இருப்பார். பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் பிழைத்தாலும் அங்கே வந்து பொங்கல் வைக்க வேண்டும். யார் யாருடைய பானை அந்த வளாகத்தில் பொங்குகிறதோ அவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் எடுக்க முடியாது. சாஸ்தா எதுவென்று மறந்துபோன குடும்பத்தார் பாபநாசம் மலைக்குமேல் காரையாற்றங்கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடுவார்கள். வழி தெரியாமல் போனவர்களையும் அவர் ஏற்றுக்கொள்வார் என்பது நம்பிக்கை.

இந்தக் கோவில்களில் வரி நோட்டு என்று ஒன்று உண்டு. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. கொடைக்கும் உத்திரத்துக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. யார் கட்டினார்கள், யார் பாக்கி என்று வருஷா வருஷம் எழுதி வைப்பார்கள். எங்கள் பிறந்தகத்துச் சாஸ்தா கோவிலில் மிஞ்சியிருக்கும் பழைய நோட்டு கொல்லம் ஆண்டு 1096இல் தொடங்குகிறது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையிலான தேதிக்கு 824ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். அதன் பிறகு ஆடி வரை 825. ஆக, 1096 பங்குனி என்பது 1921 மார்ச், ஏப்ரல். கணக்கு சக்கரத்தில் எழுதியிருக்கிறது. திருவிதாங்கூரில் ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். தலைக்கட்டு வரி ஏழு சக்கரம், அதாவது கால் ரூபாய்.

அந்த நோட்டில் என் பூட்டனார் பெயருக்கு அடுத்த வரியில் அவருடைய தம்பி பெயர். பக்கத்தில் ‘இலங்கை’. அதற்கு நேரே ஏழு சக்கரம் வரவு. ‘மேற்படியாருக்காக அண்ணன்’ என்று குறிப்பு. அடுத்த வருஷமும் அதேதான். பூட்டனார் காலமான பிறகு ‘மேற்படியாருக்காக அண்ணன் மகன்’ என்று மாறுகிறது. அந்த அண்ணன் மகன்தான் என் தாத்தா. கடல் தாண்டிப் போன ஒருவருக்காக இங்கே இருந்தவர்கள் தலைக்கட்டு அழியாமல் வரி கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஏழு சக்கரம் அன்றைக்கு ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சும்மா வரும் காசு இல்லை. 1124 பங்குனியோடு அது நிற்கிறது. அதற்கடுத்த வருஷப் பட்டியலில் பெயரே இல்லை.

1124 பங்குனி என்றால் 1949. அதைக் கூட்டிப் பார்த்த அன்று நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். என்ன காரணம் என்பதைச் சொல்ல, பூட்டனாரின் தம்பி எப்படிப் போனார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சொல்லி வந்த கணக்குப்படி அவர் போனது 1079ஆம் வருஷம், 1904. அப்போது செங்கோட்டை மலைப் பாதையில் குகை வெட்டித் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொல்லம் ரயில் ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் 1904தான். இலங்கையில் காப்பி அழிந்து தேயிலை பெருகிவிட்ட காலம். 1869இல் காப்பி இலையில் கண்ட துரு நோய் இருபது வருஷத்துக்குள் அந்தப் பயிரையே தின்று தீர்த்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் போதும். வந்தவர்கள் வேலை முடிந்து ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் கங்காணி. தோட்டத்துத் துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தன் ஊர்ப் பக்கம் வந்து ஆள் சேர்ப்பார். அவருக்குக் கீழே ஆள்கட்டிகள். பயணச் செலவு, கம்பளி, வழிச் சாப்பாடு, ஊரில் இருந்த பழைய கடன், எல்லாம் போகிறவர் தலையில் எழுதப்படும். தோட்டம் மாற வேண்டுமானால் அந்தக் கடன் தொகையைக் குறித்த துண்டு வேண்டும்; புதுத் தோட்டத்துத் துரை அதைத் தீர்த்தால்தான் ஆளை அழைத்துப்போக முடியும். 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை துண்டு முறை ஆட்களைக் கட்டிப்போட்டது. பூட்டனாரின் தம்பி போனதற்குக் காரணம் பஞ்சம் என்று சொல்வார்கள், அண்ணன் தம்பி பாகப் பிரிவினை என்றும் சொல்வார்கள். ஆச்சி மட்டும் ஒரே சொல்லில் முடிப்பாள்: “கடன்.”

அவர்கள் போன வழி திருநெல்வேலி, தூத்துக்குடி. அந்த ரயில் 1876லிருந்தே உண்டு. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் முகாம். அங்கிருந்து கப்பலில் கொழும்பு, பிறகு மலை. மண்டபம் முகாமும் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பலும் பத்து வருஷம் கழித்து, 1914 வாக்கில் வழக்கத்துக்கு வந்தவை. அதற்கெல்லாம் முந்திய தலைமுறை மன்னாரில் இறங்கிக் காட்டுக்குள்ளே மாத்தளை வரை நடந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே எத்தனையோ பேர் போனார்கள். அந்த மக்கள் குடியேறி இருநூறு ஆண்டானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் நான் போயே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இப்போது 1949க்கு வருகிறேன்.

இலங்கையில் 1931லேயே இருபத்தோரு வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்துவிட்டார்கள். மலையில் நிலையாகக் குடியிருந்த தமிழர்களில் பலருக்கும் அது கிடைத்தது. இலத்தூரில் சொத்தில்லாத என் பூட்டிக்கு ஓட்டு என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், அவள் கொழுந்தனார் வீட்டுப் பெண்கள் ஓட்டுப் போடும் உரிமைக்குப் பக்கத்தில் நின்றார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் நாடாளுமன்றத்தில் ஏழு இடம் பிடித்தது. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரையால் குடிமகன் ஆக வேண்டுமானால் தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தாத்தாவும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததாகக் காட்ட வேண்டும். தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர்கள் பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. தலைப்பிரசவத்துக்கு மகளை ஊருக்கு அனுப்பிய குடும்பங்களில் மூத்த பிள்ளை இந்தியாவில் பிறந்தவன். 1949இல் இன்னொரு சட்டம்: இத்தனை வருஷம் விடாமல் குடியிருந்ததாக நிரூபித்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. ஏறத்தாழ எட்டேகால் லட்சம் பேருக்காக மனுப் போட்டார்கள். பதிவானது சுமார் 1,34,000 பேர். குடிமக்கள் அல்லாதவர்களின் ஓட்டையும் அதே 1949இல் எடுத்துவிட்டார்கள்.

அதே வருஷத்தோடுதான் சாஸ்தா கோவில் நோட்டில் எங்கள் பூட்டனாரின் தம்பி பெயர் நின்றது. கடிதம் வரவில்லை, ஆள் வரவில்லை, இனி எதற்கு என்று இங்கே யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே நடந்தது தெரியாது. ஆனால் அரசாங்கம் அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்த காலத்தில் நாங்களும் எடுத்தோம். இதைப் படிக்கிற பங்காளிகளுக்கு வருத்தமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்: பூட்டன் எங்கே பிறந்தான் என்று சொல் என்று ஊரில் இருந்த எங்களை எவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி போனவர்கள் மேல் விழுந்தது. அதற்கு விடை எங்களிடம் இருந்தது. ஆகவே தேடிப் போக வேண்டிய கடன் எங்களுடையது.

அயர்லாந்துக்காரர்களின் கதையைப் படிக்கும்போதெல்லாம் ஒரு வித்தியாசம் உறுத்தும். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அங்கே ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து ஒரு தாளில் கிராமத்துப் பெயரை எழுதிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறார்கள். மூன்றாம் நான்காம் தலைமுறைச் சொந்தம் தேநீர் வைத்துக் கொடுத்து, கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போகிறது. அவர்களுக்கும் காகிதம் குறைவுதான். 1922இல் டப்ளின் நீதிமன்ற வளாகச் சண்டையில் ஆவணக் கட்டடம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்கில் பெரும்பகுதி சாம்பலானது. ஆனால் மிஞ்சிய 1901, 1911 கணக்குகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். தாத்தாவோ பாட்டியோ ஒருவர் அயர்லாந்தில் பிறந்திருந்தால் போதும், பேரப்பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமை கேட்கலாம். 2013இல் அந்த அரசாங்கமே உலகெங்கும் உள்ள தன் வம்சத்தாரை ஊருக்கு வாருங்கள் என்று கூப்பிட்டது. அங்கே பூட்டனின் பெயர் கதவைத் திறக்கிறது. இங்கே அதே பெயரைக் கேட்டுத்தான் கதவைச் சாத்தினார்கள்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாகப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கு எழுதினார், தம்பி இலங்கைக்கு எழுதினார். மலையிலிருந்து தலைமன்னார் போன ரயிலை அங்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்கிறார்கள். ஏறியவர்களும் மேடையில் நின்றவர்களும் அப்படி அழுதிருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து எங்கெங்கோ அனுப்பப்பட்டார்கள். நீலகிரியில் இவர்களுக்கென்றே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்று அது டான்டீ.

என் தேடலுக்கு நூல்முனை கிடைத்தது கோத்தகிரியில். அங்கே ஆசிரியராக இருந்த என் பழைய மாணவி ஒருத்தி, தோட்டக் குடியிருப்பில் ஒரு பெரியவர் செங்கோட்டைப் பக்கம் என்று சொல்வதாகத் தெரிவித்தாள். போய்ப் பார்த்தேன். அவருக்கு ஊர்ப் பெயர் ‘இலத்தூரு’ என்று தெரிந்திருந்தது, அது எந்த மாநிலம் என்பது தெரியவில்லை. நான் கேட்டது அவருடைய தாத்தா பெயரை. எங்கள் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒன்றுவிட்ட தலைமுறைக்கு அதே பெயர் திரும்பி வரும். அவர் சொன்ன பெயர் குற்றாலநாதருடைய பெயர். எங்கள் வீட்டில் என் தாத்தாவின் தாத்தாவுக்கும் அந்தப் பெயர்தான். மலையில் இன்னும் இருக்கும் தன் சித்தப்பா மகனுக்கும் அதே பெயர் என்றார். தோட்டத்தின் பெயரையும் சொன்னார். ஆனால் அது வரைபடத்தில் இல்லை. துரைமார் ஸ்காட்லாந்துப் பெயர் வைத்த தோட்டங்களுக்கு நம் ஆட்கள் தாங்களாகவே வேறு பெயர் வைத்து அழைத்தார்கள். பொகவந்தலாவைப் பக்கம் அந்தத் தமிழ்ப் பெயரைக் கேட்டால் பஸ் கண்டக்டர் இறக்கிவிடுவார் என்றார் பெரியவர். அப்படித்தான் நடந்தது.

மதுரையிலிருந்து கொழும்பு விமானத்தில் அதிக நேரம் இல்லை. கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டன் ரயில், அங்கிருந்து நோர்வுட் வழியாகப் பஸ். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பாதை ஏறும்போது இரண்டு பக்கமும் தேயிலை. ஆரியங்காவுக் கணவாயில் ஏறும் அதே குளிர்.

சாலையோரம் பெரியவர் சொன்ன அந்தச் சித்தப்பா மகன் நின்றார், தலையில் மப்ளர். என்னைவிட மூத்தவர். முகத்தைப் பார்த்ததுமே என் பெரியப்பாவின் நெற்றி தெரிந்தது. “வாங்க தங்கச்சி” என்றார். எனக்கு ‘அண்ணே’ என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. முறை தானாகவே சரியாக விழுந்தது. பூட்டனாரும் அவர் தம்பியும் விட்ட இடத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே படியில் நிற்கிறவர்கள்.

லயம் என்பது நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அண்ணன் வீட்டில் முன்னால் திண்ணையை அடைத்து இன்னோர் அறை எடுத்திருந்தார்கள். மதினி ரொட்டி சுட்டுச் சம்பலும் வைத்துக் கொடுத்தாள். அண்ணனின் தாயாருக்கு, எனக்குப் பெரியம்மா முறை, எண்பது தாண்டிவிட்டது. கொழுந்தெடுத்த விரல்களில் கறை இன்னும் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “ஊருல எல்லாரும் சொகமா?” என்று கேட்டார். அவர் பார்த்தே இராத ஊர்.

நான் போனது பங்குனி உத்திரத்தை ஒட்டி. தோட்டங்களில் மாடசாமி உண்டு, முனியாண்டி உண்டு; தேயிலை ஆலைச் சக்கரத்துக்கு ரோதை முனி, கவ்வாத்து வெட்டும்போது கும்பிடக் கவ்வாத்துச் சாமி என்று மலையிலேயே பிறந்த தெய்வங்களும் உண்டு. இவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் குங்குமம் அப்பிய ஒற்றைக் கல். ‘ஐயனாரு’ என்றார்கள். உத்திரத்தன்று மட்டும் பொங்கல், அன்றைக்குக் கவிச்சி கிடையாது. ஏன் அந்த நாள், ஏன் கவிச்சி இல்லை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, தாத்தா செய்தார் என்றார்கள். மதினி மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தாள். விறகு வைப்பதற்கு முன் குனிந்து, மரத்தடி மண்ணில் ஒரு பிடி எடுத்து, ஒவ்வொரு கல்லின் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் குளத்தங்கரையில் அதையேதான் செய்கிறோம். கரை மண் வைக்காமல் சாஸ்தாவுக்கு அடுப்பு மூட்டக் கூடாது என்று என் அம்மா கையைத் தட்டிச் சொல்லித் தந்தது. பக்கத்து வம்சங்களில்கூட இந்த வழக்கம் கிடையாது. நானும் குனிந்து ஒரு பிடி எடுத்து வைத்தேன். மதினி நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு ஊர், தாலுகா, காகிதம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் காகிதமும் இருந்தது. தகரப் பெட்டியிலிருந்து அண்ணன் எடுத்தவற்றில் அவர் தாத்தா 1949 சட்டத்தின்கீழ் போட்ட மனுவின் நகல், தள்ளுபடியான உத்தரவு. அதன் அடியில் துணியில் முடிந்த இரண்டு உலோக வில்லைகள். தகரத் துண்டு என்று நான் படித்ததைக் கையில் வைத்துப் பார்த்தது அப்போதுதான். 1900களின் தொடக்கத்திலிருந்து இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குப் போகும் ஒவ்வோர் ஆளுக்கும், எழுத்தும் எண்ணும் பொறித்த இந்த வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். விளிம்பில் கயிறு கோக்க ஓட்டை, அந்த இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

ஒன்று பூட்டனாருடைய தம்பியுடையது. இன்னொன்று அவர் மனைவியுடையது என்று நினைத்தேன். பெரியம்மா தலையை ஆட்டினார். “இல்ல தாயி. அவுக தங்கச்சியோடது.”

எங்கள் பூட்டனாருக்கு ஒரு தங்கை இருந்ததாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. வரி நோட்டில் பெண் தலைக்கட்டு ஆக மாட்டாள். அதில் பெயர் வர வழியே கிடையாது. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவளாம். அண்ணனோடு கப்பலேறி, மலையில் சில காலம் கொழுந்தெடுத்து, அங்கேயே மறுபடி ஒருவரைக் கட்டிக்கொண்டு மாத்தளைப் பக்கம் போய்விட்டாளாம். போகும்போது பழைய வில்லையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார் பெரியம்மா. அந்தக் காலத்தில் இலத்தூரில் அவளுக்கு மறுகல்யாணம் நடந்திருக்காது. ஊரில் பேச்சு எடுக்காததற்கும் அதுதான் காரணமாயிருக்க வேண்டும். குடும்பம் மறைத்த பெண்ணுக்குத் தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில் தனிப் பெயரும் தனி நாள் கூலியும் இருந்தன.

ஊர் திரும்பியதும் பங்காளிகளைக் கூட்டிப் பேசினேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்தகத்துக் கோவிலில் பேச உரிமை இல்லை என்று ஒருவர் ஆரம்பித்தார். மூத்த பெரியப்பா அவரை அமர்த்தினார். மலையில் இருக்கும் அண்ணனையும் கோத்தகிரிப் பெரியவரையும் சேர்த்துத் தலைக்கட்டு எழுதச் சம்மதித்தார்கள். இடையில் நின்ற வருஷங்களுக்குப் பாக்கி கேட்கலாமா என்று ஒரு விவாதம் வந்தது. பாக்கி நம்முடையது என்று பெரியப்பா முடித்துவிட்டார். அடுத்த உத்திரத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் வருவதாக இருக்கிறார்கள்.

மீதி இருப்பது அந்தத் தங்கை. அவள் வில்லையின் எழுத்தையும் எண்ணையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், அது அவள் முதலில் இறங்கிய தோட்டத்தைத்தான் சொல்லும். மாத்தளையில் எந்தத் தோட்டம், கட்டியவர் யார் என்பது பெரியம்மாவுக்கு ஞாபகமில்லை. அவள் வழியில் வந்தவர்களுக்கு அவள் கணவர் வீட்டுச் சாமிதான் குலதெய்வமாக இருக்கும், இலத்தூர் என்ற பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அடுப்பு மூட்டும் வழக்கத்தைத் தாயிடமிருந்துதானே மகள் கற்றுக்கொள்கிறாள். மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டைப் பக்கமோ, அங்கிருந்து வந்து நீலகிரியிலோ வால்பாறையிலோ குடியிருப்பவர்களிலோ, பொங்கல் அடுப்பின் மூன்று கல்லிலும் மண் வைக்கிற வீடு எதையாவது நீங்கள் பார்த்திருந்தால் அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்: செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் என்று வீட்டில் எப்போதாவது பேச்சு வந்ததுண்டா என்று.